மோட்டார் ஒன்னுக்குப் போக மாட்டேங்குது, யாராவது உதவுங்க

புதுப்படகன் (பதிவு 1)

வணக்கம். ரொம்ப நாளா ஓரமா உக்காந்து படிச்சுட்டு மட்டும் இருந்தவன், இன்னைக்கு வேற வழியில்லாம வாயைத் திறக்கறேன்.

ரெண்டு மாசம் முன்னாடி பழைய படகு ஒண்ணு வாங்கினேன். 17 அடி, ஃபைபர், பின்னால 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு. முதல் ரெண்டு தடவை ஒரு குறையும் இல்ல. அப்புறம் வேலை, மழைன்னு அஞ்சு வாரம் வீட்டுலயே டிரெய்லர்ல நின்னுச்சு. இன்னைக்குக் குடும்பத்தோட போய் இறக்கினேன். மோட்டார் பக்கவாட்டுல ஒரு பொடித் துளையிலேர்ந்து தண்ணி பீச்சி அடிக்குமே, அது வரல. சொட்டுச் சொட்டா வடிஞ்சுது. மூணு நிமிஷம் பாத்துட்டு அணைச்சுட்டேன். சூடு அலாரம் அடிக்கல. பொண்ணு லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழட்டாம வண்டியில உக்காந்து, வீடு வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே வந்தா.

இது இம்பெல்லர் போனதுதானா? நானே மாத்த முடியுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். அதுக்கு மேல பெருமையா சொல்லிக்க ஒண்ணும் இல்ல.

கம்பி (பதிவு 2)

அந்தத் துளைக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி விட்டுப் பாருங்க.

பழைய நங்கூரம் (பதிவு 3)

தம்பி, மூன்று நிமிடத்தில் அணைத்தீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்குப் பாதி மதிப்பெண். "கொஞ்சம் ஓடினால் வந்துவிடும்" என்று ஓட்டி மோட்டாரைக் கருக்கியவர்கள் இங்கேயே நாலு பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். அவர்களே வருவார்கள்.

காருக்கு ரேடியேட்டர் உண்டு, உள்ளே இருக்கிற தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும். அவுட்போர்டுக்கோ நீங்கள் மிதக்கிற நீர்தான் ரேடியேட்டர். கீழே கியர் பெட்டிக்கு மேல், நிமிர்ந்து நிற்கும் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர்ச் சக்கரம் இருக்கும். அதுதான் இம்பெல்லர். அது உட்கார்ந்திருக்கும் கிண்ணம் சற்றே மையம் தள்ளி இருப்பதால், சுற்றும்போது ஒரு பக்கம் இதழ்கள் மடங்கும், மறுபக்கம் விரியும். விரியும்போது தண்ணீரை உறிஞ்சும், மடங்கும்போது மேலே தள்ளும். அந்தத் தண்ணீரில் ஒரு சிறு பங்கைத்தான் பக்கவாட்டுத் துளை வழியாக வெளியே விட்டு, "உள்ளே தண்ணீர் ஓடுகிறது" என்று நமக்குக் காட்டுகிறார்கள்.

இந்த ரப்பருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, வறண்டு ஓடுவது. தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இதழ்கள் தேய்ந்து கருகிவிடும். இரண்டாவது, சும்மா நிற்பது. மாதக்கணக்கில் மடங்கியபடி இருந்த இதழ் அப்படியே விறைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறையோ 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறையோ அதைத் திறந்து பார்ப்பது வழக்கம். முன்பு வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதற்கு முன் கீழே தண்ணீர் உள்ளே போகும் வலைத்தடுப்பில் பாசியோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரட்டைமோட்டார் (பதிவு 4)

அண்ணன் சொன்னதோட சேத்துக்கோங்க: இம்பெல்லரை மட்டும் வாங்காதீங்க, முழு கிட்டா வாங்குங்க. ரப்பர், அது உக்கார்ற கிண்ணம், அடித்தகடு, கேஸ்கெட், ரப்பரைத் தண்டோட பூட்டற சின்னச் சாவி எல்லாம் சேந்து வரும். கிண்ணத்துல கீறல் விழுந்திருந்தா எவ்வளவு புது ரப்பர் போட்டாலும் சரியா உறிஞ்சாது. கூடவே தெர்மோஸ்டாட்டையும் (சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணி வழியைத் திறந்து மூடறது) மாத்திடுங்க. நீரழுத்த மீட்டர் ஒண்ணு போட்டுடுங்க. வெப்ப மீட்டரும் போட்டா நல்லது. எரிபொருள் ஓட்டம் காட்டற மீட்டர் இருந்தா...

பாய்க்காரி (பதிவு 5)

இவர்கிட்ட படகுல ஸ்டிக்கர் ஒட்டறது எப்படின்னு கேட்டாக்கூட ரெண்டு மீட்டர் வாங்கச் சொல்வார்.

புதுப்படகன், உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, பாய்மரப் படகுன்னு ஒண்ணு இருக்குன்னு. என் பாய்க்கு இம்பெல்லர் கிடையாது, தெர்மோஸ்டாட் கிடையாது, அலாரம் கிடையாது. காத்து வருதா இல்லையான்னு கன்னத்துலயே தெரியும். ஜோஷுவா ஸ்லோகம் 1895ல கிளம்பி, 1898ல உலகத்தைத் தனியா சுத்தி முடிச்சார். அவர் படகுல மோட்டாரே இல்ல.

ஓட்டைவாளி (பதிவு 6)

அவருக்கு நீச்சலும் தெரியாதும்பாங்க. அதையும் கத்துக்காம விட்டுடலாமா அக்கா?

காத்து நின்னுபோனா கன்னத்துல என்ன தெரியும்?

பாய்க்காரி (பதிவு 7)

பொறுமை தெரியும். அப்புறம் பின்னால 6 குதிரைத்திறன்ல சின்னதா ஒரு மோட்டார் இருக்கு. அதைப் பத்தி இங்க பேசறதா இல்ல.

ஓட்டைவாளி (பதிவு 8)

தம்பி, மனசு தளராதீங்க. உங்களுக்குப் பொண்ணு மூஞ்சியைத் தூக்கினதோட போச்சு. நான் படகோட அடியில இருக்கற வடிகால் துளைக்கு பிளக்கைப் போடாமலே படகை இறக்கினவன். பேர் சும்மாவா வெச்சேன்?

வீட்டுல கழுவி விட்டேன், தண்ணி வடியட்டும்னு பிளக்கைக் கழட்டினேன். மறுநாள் விடியக்காலை, படகு இறக்கற சரிவுல (ரேம்ப்) பின்னாடி நாலு வண்டி வரிசையா நிக்குது, எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அந்த அவசரத்துல இறக்கிட்டேன். வண்டியை நிறுத்திட்டுத் திரும்பி நடந்து வர்றேன், படகு பின்பக்கமா "உக்காந்துக்கிட்டு" இருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் "அண்ணே, உங்க படகுக்குத் தாகம் எடுத்திருக்கு"ன்னார். இப்படி ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை.

வாளி வீட்டம்மா (பதிவு 9)

மூணு.

மூணாவது தடவை பிளக் இவர் சட்டைப் பையிலயேதான் இருந்தது. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு "பிளக்கை எங்க வெச்சே, பிளக்கை எங்க வெச்சே"ன்னு என்னைப் பாத்துக் கத்தினார். ரெண்டு நாள் கழிச்சுத் துவைக்கறப்போ நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

ஓட்டைவாளி (பதிவு 10)

இவங்களுக்கு யார் இங்க கணக்குத் திறந்து குடுத்தது?

பழைய நங்கூரம் (பதிவு 11)

வாளியார் வீட்டில் சொல்வதைத்தான் நம்புகிறேன்.

சிரித்து முடித்தவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை, நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே திறந்திருந்தால், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். பத்து நிமிடத்தில் 400 லிட்டர், அதாவது 400 கிலோ. கேட்காமலே ஐந்தாறு பேர் ஏறி, எல்லோரும் பின்னால் போய் உட்கார்ந்தது போல. பின்பக்கம் தாழத் தாழ, துளை இன்னும் ஆழத்துக்குப் போகும், தண்ணீர் இன்னும் வேகமாக வரும்.

"பில்ஜ் பம்ப் இருக்கிறதே" என்பார்கள், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது. பம்பின் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண், தண்ணீரை மேலே ஏற்றாமல், குழாயே இல்லாமல் அளந்தது. குழாய் ஒரு மீட்டர் ஏறி, இரண்டு வளைவு வளைந்து, பேட்டரியும் சற்று இறங்கியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம். அதனால் பம்பை நம்புங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு வாளியும் இருக்கட்டும். ஓட்டையில்லாத வாளி. கூம்பு வடிவ மென்மரக் கட்டை இரண்டு படகில் கிடக்கட்டும். எந்தத் துளை திறந்துகொண்டாலும் உள்ளிருந்து அடித்து இறுக்கலாம், மரம் ஊறி இன்னும் இறுகும்.

கம்பி (பதிவு 12)

பிளக்கை இக்னிஷன் சாவி வளையத்துலயே மாட்டி வைங்க. சாவி எடுக்கறப்போ ஞாபகம் வரும்.

வாளி வீட்டம்மா (பதிவு 13)

அப்படித்தான் மாட்டினோம். சாவியையே வீட்டுல வெச்சுட்டு வந்துட்டார்.

புதுப்படகன் (பதிவு 14)

வயிறு வலிக்குது சிரிச்சு. கிட் சொல்லியாச்சு, வர நாலு நாள் ஆகும். வலைத்தடுப்பு சுத்தமா இருக்கு, ஒண்ணும் அடைக்கல.

அது வர்றதுக்குள்ள இன்னொண்ணு. படகுத்துறையில கொண்டு வந்து கட்டறதை நினைச்சாலே உள்ளங்கை வேர்க்குது. ரெண்டாவது தடவை போனப்போ காத்து கொஞ்சம் இருந்துச்சு. நேரா வந்தேன், கடைசி நிமிஷத்துல ரிவர்ஸ் போட்டேன், மூக்கு ஒரு பக்கம் போச்சு, வால் ஒரு பக்கம் போச்சு. மச்சான் காலை நீட்டி மரத்தூணை உதைச்சுத் தள்ளினதால தப்பிச்சோம்.

பாய்க்காரி (பதிவு 15)

முதல்ல மச்சானைக் கூப்பிட்டு வெச்சு ஒரு விஷயம் சொல்லுங்க. காலை நீட்டக் கூடாது, கையை நீட்டவே கூடாது. உங்க படகு, மோட்டார், ஆளுங்க எல்லாம் சேந்து ஒரு டன் பக்கம் வரும். மெதுவா வந்தாலும் ஒரு டன் ஒரு டன்தான். தூணுக்கும் படகுக்கும் நடுவுல நசுங்கவேண்டியது ஃபெண்டர் (படகுப் பக்கவாட்டுல தொங்கவிடற மெத்தை), எலும்பு இல்ல. ஃபைபர் கீறினா ஒரு சாயங்காலத்துல பூசிடலாம்.

இப்போ வித்தைக்கு வருவோம். காத்தோ நீரோட்டமோ, எது பலமோ, அதை எதிர்த்து வாங்க. எதிர்த்து வந்தா அதுவே உங்களுக்கு பிரேக். முதுகுல வாங்கிட்டு வந்தா அது ஆக்சிலேட்டர், ரிவர்ஸ் போட்டாலும் கேக்காது. ஃபெண்டரையும் கயிறையும் துறை கண்ணுல படறதுக்கு முன்னாடியே கட்டி வெச்சுடுங்க. ஃபெண்டர் எந்த உயரத்துல தொங்கணும்னு வெளியிலயே யோசிச்சுடணும், அங்க வந்து முடிச்சு அவிழ்த்துக்கிட்டு இருந்தா முடிஞ்சுது கதை. 20, 30 டிகிரி சாய்வா, துறையில கட்டப்போற இடத்தைக் குறி வெச்சு வாங்க. கியர் போட்டு ரெண்டு நொடி, நியூட்ரல்ல நாலு நொடி. போடுங்க, எடுங்க, மிதக்க விடுங்க. ஒரு படகு நீளம் இருக்கறப்போ ஸ்டீயரிங்கைத் துறை பக்கம் திருப்பிட்டு லேசா ரிவர்ஸ் குடுங்க. முன்னோட்டம் நிக்கும், வால் தானா உள்ள வரும்.

முதல் கயிறு நடுவுல இருக்கற கிளீட்டுலேர்ந்து (கயிறு கட்டற கொம்பு) போகணும். மூக்குல முதல்ல கட்டினா வால் வெளியே ஓடிடும், வால்ல கட்டினா மூக்கு ஓடிடும். நடுவுல கட்டிட்டீங்கன்னா படகு எங்கயும் போகாது, மத்ததை நிதானமா பாக்கலாம்.

ஒண்ணு மறந்துட்டேன். அவுட்போர்டுல மோட்டார் தள்ளினாத்தான் ஸ்டீயரிங் வேலை செய்யும். நியூட்ரல்ல சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் பெருசா ஒண்ணும் நடக்காது. உங்க மூக்கும் வாலும் தனித்தனியா போனது அதனாலதான்னு நினைக்கறேன்.

இரட்டைமோட்டார் (பதிவு 16)

ரெண்டு மோட்டார் இருந்தா இந்தத் தொல்லையே இல்ல. ஒண்ணை முன் கியர்ல, ஒண்ணை ரிவர்ஸ்ல போட்டா நின்ன இடத்துலயே சுத்தலாம்.

பாய்க்காரி (பதிவு 17)

ரெண்டு மோட்டார் இருந்தா ரெண்டு இம்பெல்லரும் மாத்தலாம்.

பழைய நங்கூரம் (பதிவு 18)

பாய்க்காரி சொன்னதில் ஒரு வரியும் தள்ளுவதற்கில்லை. ஒன்று சேர்க்கிறேன். வலமாகச் சுற்றும் புரொப்பல்லரை ரிவர்ஸில் போட்டால் படகின் பின்பக்கம் இடப்பக்கமாக நகரும். உள்ளே பொருத்திய இன்ஜினும் சுக்கானும் உள்ள படகுகளில் இது நன்றாகவே தெரியும், அவுட்போர்டில் குறைவு. தெரிந்துகொண்டால் நண்பன், தெரியாவிட்டால் எதிரி. உங்களுக்கு வசதி இருக்கும்போது துறையை இடப்பக்கம் வைத்துக் கட்டிப் பாருங்கள், கடைசி ரிவர்ஸ் உங்களைத் தானாக உள்ளே இழுத்து வைக்கும்.

பழகுவதற்குத் துறை வேண்டாம். ஆள் இல்லாத இடத்தில் ஒரு ஃபெண்டரைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு, அதன் பக்கத்தில் வந்து நிறுத்திப் பழகுங்கள். ஃபெண்டரை இடித்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், கைதட்டிச் சிரிக்கவும் மாட்டார்கள். படகைச் சரியாகக் கட்டுகிற நாளில் துறையில் ஒரு ஈ காக்கை இருக்காது. சொதப்புகிற நாளில் மட்டும் ஊரே கூடி நிற்கும். நாற்பது ஆண்டுகளாக இதை நான் கவனித்து வருகிறேன்.

ஓட்டைவாளி (பதிவு 19)

ஊர் கூடினதுன்னதும் ஞாபகம் வருது. ஒரு நாள் விருந்தாளிங்க ஆறு பேர் முன்னாடி, அணியத்துல, அதான் படகு மூக்குல, நின்னு நங்கூரத்தைக் கம்பீரமா வீசினேன். கயிறு சரசரன்னு போச்சு. போய்க்கிட்டே இருந்துச்சு. கயிறோட நுனியும் போச்சு. தண்ணியில ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். எல்லாரும் அமைதியா இருந்தாங்க. ஒரு சின்னப் பையன் மட்டும் "இப்போ அதை எப்படி எடுப்பீங்க மாமா?"ன்னு கேட்டான்.

வாளி வீட்டம்மா (பதிவு 20)

இது முழுக்க உண்மை. நான் எதையும் திருத்த வேண்டியதில்ல.

பாய்க்காரி (பதிவு 21)

கயிறோட அடி நுனியைப் படகுல கட்டறதுதான் முதல் வேலை, அப்புறம்தான் வீசறது. வீசக்கூட வேண்டாம், மெதுவா இறக்கணும். வீசினா சங்கிலி நங்கூரத்து மேலயே குவிஞ்சு விழுந்து சிக்கிக்கும்.

புதுப்படகன், உங்களுக்காக இதையும் எழுதிடறேன். ஆழம் 3 மீட்டர்னா 3 மீட்டர் கயிறு விட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. நங்கூரம் எடையால நிக்கறது இல்ல, படுத்துக்கிட்டு மண்ணைக் கொத்தித்தான் நிக்குது. கயிறு செங்குத்தா இழுத்தா அது பிடுங்கிக்கிட்டு வந்துடும். ஆழம் 3 மீட்டர், தண்ணிக்கு மேல அணியத்து உயரம் 1 மீட்டர், நீங்க நிக்கற நேரத்துல ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்கறது) இன்னும் 1 மீட்டர் ஏறும்னு வைங்க. மொத்தம் 5. அதுக்கு 7 மடங்கு, 35 மீட்டர் கயிறு. சாந்தமான நாள்ல சாப்பிட்டுட்டுக் கிளம்பறதுன்னா 5 மடங்கு போதும். ராத்திரி தூங்கணும்னா நான் 7க்குக் கீழ இறங்க மாட்டேன். முன்னால கொஞ்சம் சங்கிலி இருக்கணும், இழுப்பைத் தரையோட படுக்க வைக்கறது அதுதான். கயிறு நைலானா இருக்கட்டும், இழுபட்டு நீளும், அலை அடிக்கறப்போ வெட்டி இழுக்காது. மிதக்கற பாலிபுரொப்பிலீன் கயிறை நங்கூரத்துக்குப் போடாதீங்க, அது தண்ணி மேல சுத்திக்கிட்டு நின்னு யாரோட புரொப்பல்லர்லயாவது மாட்டும். பெரும்பாலும் உங்களோடதுல.

இறக்கினதும் ரிவர்ஸ்ல மெதுவா இழுத்துப் பதிய வெச்சுட்டு, கரையில ஒரு மரம், அதுக்குப் பின்னால ஒரு கம்பம்னு ரெண்டு அடையாளம் ஒரே கோட்டுல பாத்து வெச்சுக்கோங்க. கோடு விலகினா நீங்க நகர்றீங்க.

பழைய நங்கூரம் (பதிவு 22)

நங்கூரம் கட்டவேண்டியது அணியத்தில் மட்டும். வசதியாக இருக்கிறதே என்று மோட்டார் பக்கம் கட்டாதீர்கள். அந்தப் பக்கம்தான் படகிலேயே தாழ்ந்த இடம், எடை முழுவதும் அங்கே. ஓர் அலை உள்ளே விழுந்தால் அது இன்னும் தாழும், அடுத்த அலைக்கு இன்னும் வசதி. இதை நான் சிரிக்கச் சொல்லவில்லை.

மட்டுறுத்துநர் (பதிவு 23)

நண்பர்களே, இது மோட்டார் பிரிவில் உள்ள இழை. நங்கூரத்துக்குத் தனி இழை இருக்கிறது.

ஓட்டைவாளி (பதிவு 24)

அங்கதான் போட்டோம் மட்டு சார். கயிறு பத்தாம இழுத்துக்கிட்டு இங்க வந்துடுச்சு.

புதுப்படகன் (பதிவு 25)

கிட் வந்துருச்சு! காலையிலேர்ந்து அதோடதான் மல்லுக்கட்டு. அஞ்சு போல்ட்டும் கழட்டியாச்சு, கீழ்ப்பகுதி இம்மி அசைய மாட்டேங்குது. ரப்பர்ச் சுத்தியால தட்டினேன். உளியைச் செருகி நெம்பலாமான்னு யோசிக்கறேன்.

பழைய நங்கூரம் (பதிவு 26)

உளியைக் கீழே வையுங்கள்.

புரொப்பல்லருக்கு மேலே, பின்னால், சின்ன மீன்துடுப்பு போல ஒரு உலோகத் துண்டு தொங்குகிறதா? அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டு கழற்றுங்கள். பல மோட்டார்களில் கடைசி போல்ட் அதற்கு உள்ளேதான் ஒளிந்திருக்கும். கோடு எதற்கென்றால், அந்தத் துண்டின் கோணம் மாறினால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பையும் விடுவித்தீர்களா என்று பாருங்கள்.

புதுப்படகன் (பதிவு 27)

இருந்துச்சு! ஆறாவது போல்ட்! வந்துருச்சு ஐயா!! அந்தத் துடுப்புத் துண்டு பாதி கரைஞ்சு, கரையான் அரிச்ச மாதிரி இருக்கு. பெயின்ட் அடிச்சா சரியாகுமா?

பழைய நங்கூரம் (பதிவு 28)

பெயின்ட் அடித்தால் மோட்டார்தான் கரையும். அந்தத் துண்டு கரைவதற்கென்றே வைத்தது. தண்ணீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்து கிடந்தால் ஒன்று அரிபடும், அது விலையுயர்ந்த பாகமாக இல்லாமல் இந்தத் துண்டாக இருக்கட்டும் என்று ஏற்பாடு. உப்புநீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், இரண்டும் கலந்த கழிமுகத்துக்கு அலுமினியம். பாதி கரைந்ததும் புதிது மாற்ற வேண்டும். நெடுநாள் ஓட்டியும் கரையவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும், அது மோட்டாரோடு சரியாகத் தொடர்பில் இல்லை என்று பொருள்.

இரட்டைமோட்டார் (பதிவு 29)

மாட்டறப்போ கவனம். ரப்பர்ல கொஞ்சம் சோப்புத்தண்ணி தடவிக்கோங்க. மேலேர்ந்து பாத்தா தண்டு கடிகாரத் திசையில சுத்தும், அதனால கிண்ணத்தை இறக்கறப்போ தண்டை அதே திசையில திருப்பிக்கிட்டே அழுத்துங்க, இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். அந்தச் சின்னச் சாவி கீழே விழுந்தா புல்லுல தேடி ஒரு மணி நேரம் போயிடும், அடியில துணி விரிச்சுக்கோங்க. தண்டோட பல்லுக்குப் பக்கவாட்டுல கிரீஸ் பூசுங்க, உச்சந்தலையில அப்பாதீங்க. அங்க அப்பினா கிரீஸ் நசுங்கப் போக இடமில்லாம, தண்டு முழுசா உள்ள உக்காராது.

பழைய இம்பெல்லர்ல இதழ் ஏதாவது உடைஞ்சு காணாமப் போயிருந்தா, அந்தத் துண்டு மேல குழாய்ல எங்கயாவது அடைச்சுக்கிட்டு இருக்கும். அதையும் தேடி எடுக்கணும்.

புதுப்படகன் (பதிவு 30)

மாட்டியாச்சு. ஆனா ஒண்ணு உறுத்துது. பழைய இம்பெல்லர்ல ஒரு இதழ்கூடக் குறையல. லேசா வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

பூந்தோட்டக் குழாயில அந்தக் காதுமூடி மாதிரி சாதனத்தை மாட்டி, தண்ணியைத் திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணினேன். நியூட்ரல்லதான். வீடே வந்து நின்னு பாத்துச்சு.

சொட்டு. சொட்டு. சொட்டு.

இரட்டைமோட்டார் (பதிவு 31)

தெர்மோஸ்டாட். நான் அன்னைக்கே சொன்னேன்.

பழைய நங்கூரம் (பதிவு 32)

பம்பிலிருந்து மேலே போகும் குழாய், அதன் ரப்பர் வளையத்துக்குள் நேராக நுழையாமல் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கலாம். முதல் தடவை செய்பவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். மறுபடி இறக்கிப் பாருங்கள். இந்தத் தடவை அரை மணி நேரம்தான் ஆகும்.

புதுப்படகன் (பதிவு 33)

இறக்கிப் பாத்துட்டேன். குழாய் சரியாத்தான் உக்காந்திருக்கு. மணி பதினொண்ணு. கொசு கடிக்குது. படகை விக்கறதுக்குத் தனிப் பிரிவு இருக்கா இங்க?

பாய்க்காரி (பதிவு 34)

கம்பி ரெண்டாவது பதிவுல ஒண்ணு சொன்னாரே. அதை யாராவது செஞ்சு பாத்தீங்களா?

புதுப்படகன் (பதிவு 35)

...

டார்ச் எடுத்துட்டுப் போறேன்.

புதுப்படகன் (பதிவு 36)

கம்பி ஐயா, உங்க கால் எங்கன்னு காட்டுங்க.

விட்டேன். அரை அங்குலம் போய் முட்டுச்சு. சுழட்டினேன். காஞ்ச களிமண் பொலபொலன்னு கொட்டுச்சு. இன்னும் கொஞ்சம் கிளறினேன், குச்சி மாதிரி ஒரு மண்கூடு, அதுக்குள்ள ஒரு புழு, கூடவே செத்த சிலந்தி மூணு நாலு. குளவி! அஞ்சு வாரம் சும்மா நின்னுச்சுல்ல, அது வாடகை குடுக்காம வீடு கட்டிடுச்சு. மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டு, துளைக்கு நேரா குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன். பீச்சியடிச்சுது. நேரா என் மூஞ்சியில. பொண்ணு ஜன்னல்லேர்ந்து பாத்து சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு விளக்கு எரிஞ்சுது.

பழைய நங்கூரம் (பதிவு 37)

அலாரம் அடிக்கவில்லை என்று தம்பி முதல் பதிவிலேயே எழுதியிருந்தார். அஞ்சு வாரம் நின்றது என்றும் எழுதியிருந்தார். கம்பி என்ன செய்யவேண்டும் என்று ஒரே வரியில் சொன்னார். நான் அதற்குக் கீழேயே இருபது வரி எழுதினேன். ஒப்புக்கொள்கிறேன்.

இம்பெல்லர் மாற்றியது வீண் இல்லை, பழைய படகில் எப்படியும் செய்திருக்க வேண்டியது. வளைந்த அந்தப் பழையதைத் தூக்கிப் போடாமல் கருவிப் பெட்டியில் வையுங்கள், நடுத்தண்ணீரில் ஒரு நாள் உதவும். அப்படியே எரிபொருள் டேங்கின் காற்றுத்துளையையும் பாருங்கள். குளவிக்கு அதுவும் பிடித்த இடம். அது அடைத்தால் டேங்குக்குள் காற்று நுழையாது, மோட்டார் பத்து நிமிடம் ஓடி மூச்சுத் திணறி நிற்கும். நீங்கள் கார்புரேட்டரையும் ஃபில்டரையும் பிரித்து மேய்ந்துகொண்டிருப்பீர்கள்.

பொண்ணோடு போகும் முதல் நாள், கில் ஸ்விட்ச் கயிற்றைச் சட்டைப் பொத்தானில் மாட்டாதீர்கள், பிய்ந்து வந்துவிடும். தொடையைச் சுற்றி மாட்டுங்கள். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் மோட்டார் நின்றுதான் ஆக வேண்டும். படகு ரேடியோ இருந்தால் ஆபத்தில் கூப்பிடுகிற 16ஆவது சேனலில் இருக்கட்டும்.

கம்பி (பதிவு 38)

எனக்கு ரெண்டு தடவை ஆகியிருக்கு. அதான் கேட்டேன்.

பாய்க்காரி (பதிவு 39)

ரெண்டா, மூணா? உங்க வீட்டம்மாவும் வந்து எழுதட்டும், அப்புறம் நம்பறேன்.

இரட்டைமோட்டார் (பதிவு 40)

இதுக்குத் தீர்வு சுலபம். நிறுத்தி வெக்கறப்போ அந்தத் துளையில சின்னதா ஒரு ரப்பர் பிளக்கைச் செருகிடுங்க, குளவி உள்ள போகாது. ஓட்டறதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துடணும், அவ்வளவுதான்.

வாளி வீட்டம்மா (பதிவு 41)

மறக்காம போடவேண்டிய பிளக் ஒண்ணு, மறக்காம எடுக்கவேண்டிய பிளக் ஒண்ணா? தயவுசெஞ்சு இதை இவர் கண்ணுல காட்டிடாதீங்க.

ஓட்டைவாளி (பதிவு 42)

பாத்தாச்சு. ரெண்டு ஆர்டர் சொல்லியிருக்கேன்.